சௌராசி குடியாவில் பாட்டுகளின் மனிதர்களுக்கும் இடம் வேண்டும்: உத்தராகண்ட் வனத்துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உத்தராகண்ட் வனத்துறை அதிகாரிகளுக்கும் ராஜாஜி புலிகள் காப்பக நிர்வாகத்துக்கும்,

வணக்கம். ரிஷிகேஷில் கங்கையின் கிழக்குக் கரையில், சுவர்காசிரமத்தைத் தாண்டி, காட்டை ஒட்டிய மேட்டில் இருக்கும் சௌராசி குடியாவைப் பற்றி எழுதுகிறேன். ஆழ்நிலைத் தியானம் கற்றுக்கொடுத்த மகரிஷி மகேஷ் யோகியின் பழைய ஆசிரமம். ஊரில் எல்லாரும் அதை பீட்டில்ஸ் ஆசிரமம் என்றுதான் சொல்கிறார்கள். அதைப் புதுப்பிக்கும் திட்டம் பற்றிய செய்திகளைப் படித்ததிலிருந்து ஒரு விஷயம் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் படித்த வரையில் கட்டடம், பாதை, பயணிகள் வசதி, வருமானம் பற்றித்தான் பேச்சு. அங்கே பிறந்த பாட்டுகளுக்குள் இருக்கும் உண்மையான மனிதர்களைப் பற்றிப் பேச்சே காணோம்.

இதைத் தமிழில் எழுதுவது, இங்குள்ள இசை ரசிகர்களும் இந்தக் கோரிக்கையில் சேர்ந்துகொள்ளட்டும் என்பதற்காக. ஆங்கிலத்தில் ஒரு பிரதியைத் தனியாக உங்கள் அலுவலகத்துக்கு அனுப்புகிறேன்.

1968 பிப்ரவரி நடுவில், பீட்டில்ஸ் என்ற இங்கிலாந்து இசைக்குழுவின் நால்வரில் ஜான் லெனனும் ஜார்ஜ் ஹாரிசனும் மனைவிமாருடன் அங்கே வந்து சேர்ந்தார்கள். சில நாளில் பால் மெக்கார்ட்னியும் ரிங்கோ ஸ்டாரும் வந்தார்கள். ரிங்கோவுக்குச் சின்ன வயதிலேயே வயிறு கெட்டுப்போய் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்த அனுபவம் உண்டு. டப்பாவில் அடைத்த பீன்ஸைப் பெட்டியில் கொண்டுவந்தும் தாக்குப்பிடிக்க முடியாமல் பத்து நாளில் கிளம்பிவிட்டார். பால் மார்ச் கடைசியில் போனார். ஜானும் ஜார்ஜும் ஏப்ரல் 12 வரை இருந்தார்கள். இந்த எட்டு வாரத்தில் எழுதப்பட்ட பாட்டுகள் முப்பதுக்கும் மேல். அந்த ஆண்டு நவம்பர் 22 அன்று வெள்ளை அட்டையில் வெளிவந்த இரட்டை இசைத்தட்டின் பெரும்பகுதி உங்கள் காட்டின் ஓரத்தில் பிறந்ததுதான். தியானம் செய்ய வந்த இடத்தில் அடுத்த இசைத்தட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோமே என்று ஜார்ஜ் கோபித்துக்கொண்டதை மெக்கார்ட்னி பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தக் கோபத்தை மீறித்தான் இத்தனை பாட்டுகள் வந்திருக்கின்றன.

என் கோரிக்கை இதுதான். பாட்டு எந்த ஆளிடமிருந்து, எந்தச் சம்பவத்திலிருந்து வந்ததோ அதை அந்தந்த இடத்தில் எழுதி வையுங்கள். உண்மையை மட்டும் எழுதுங்கள். கசப்பானதையும் விட்டுவிடாதீர்கள். முதல் பலகை புலியைப் பற்றியதாக இருக்கட்டும்.

ஏன் புலி என்று சொல்கிறேன். மகரிஷியின் மேற்கத்திய சீடர்களில் நான்சி குக் டி ஹெரெரா என்ற அமெரிக்கப் பெண்மணி இருந்தார். வெளிநாட்டு விருந்தாளிகளைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பில் பெரும்பங்கு அவருடையது. அவருடைய மகன் ரிச்சர்ட் குக், கல்லூரிப் படிப்பை முடித்த இளைஞர், அம்மாவைப் பார்க்க வந்தார். வந்த இடத்தில் தாயும் மகனும் யானை மேல் ஏறிப் புலி வேட்டைக்குப் போனார்கள். அன்றைக்கு அது சட்டப்படி குற்றமில்லை. காசும் அனுமதிச் சீட்டும் இருந்தால் வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் புலியைக் காட்டிச் சுடவைக்கும் தொழிலே நடந்துகொண்டிருந்த காலம். ரிச்சர்ட் சுட்ட குண்டில் புலி செத்தது. செத்த புலியோடு படமும் எடுத்துக்கொண்டார்கள்.

ஆசிரமத்துக்குத் திரும்பிய பிறகுதான் அந்த இளைஞனை அது அரிக்கத் தொடங்கியது. மகரிஷியிடம் போய்ச் சொன்னார். அந்தப் பேச்சு நடந்தபோது லெனனும் அங்கே உட்கார்ந்திருந்தார். ஓர் உயிரை அழிப்பதாகாதா இது என்கிற மாதிரி லெனன் கேட்டார். புலி எங்கள் மேல் பாய இருந்தது, அதுவா நாங்களா என்ற நிலை என்று அம்மா மகனுக்காகப் பரிந்து பேசினார். இந்தப் பேச்சு அப்படியே ‘பங்களோ பில்’ பாட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. மகனுக்காக அம்மா குறுக்கிட்டுச் சொல்லும் வரியும் அதில் வருகிறது. ஒலிப்பதிவில் அந்த வரியைப் பாடியவர், பின்னாளில் லெனனின் மனைவியான யோகோ ஓனோ. 1980-இல் ஒரு பேட்டியில் லெனன் இந்தப் பாட்டைப் பற்றிச் சொன்னதன் சாரம்: தியான முகாமிலிருந்து கொஞ்சம் ஓய்வெடுத்துக்கொண்டு போய்ப் பாவப்பட்ட புலிகளைச் சுட்டுவிட்டு, பிறகு கடவுளோடு பேசத் திரும்பி வந்தவனைப் பற்றியது அது.

பாட்டுக்கு அப்புறம் நடந்தது பாட்டைவிடப் பெரிய கதை. ரிச்சர்ட் குக் அதோடு வேட்டையை விட்டுவிட்டார். கேமராவை எடுத்தார். நேஷனல் ஜியாகிராஃபிக் இதழுக்குப் படம் எடுக்கும் புகைப்படக்காரரானார். இந்திய அரசு 1970-இல் புலி வேட்டையைத் தடை செய்தது. 1972-இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு நாடு முழுக்க எண்ணிப் பார்த்தபோது மிஞ்சியிருந்த புலிகள் 1,827. 1973 ஏப்ரல் 1 அன்று புலிகள் காப்புத் திட்டம் தொடங்கியது உங்கள் மாநிலத்தில் இன்றிருக்கும் கார்பெட் தேசியப் பூங்காவில்தான். 2022 கணக்கெடுப்பில் நாட்டில் புலிகள் சுமார் 3,682 என்று மதிப்பிட்டார்கள். ராஜாஜி காடு 2015-இல் புலிகள் காப்பகம் ஆனது. அதன் மேற்குப் பகுதியில் இரண்டே பெண் புலிகள் பல ஆண்டுகள் தனித்துக் கிடந்தன. 2020 டிசம்பரில் தொடங்கி, கார்பெட்டிலிருந்து புலிகளைப் பிடித்துக் கொண்டுவந்து அங்கே விட்டது நீங்கள்தான்.

யோசித்துப் பாருங்கள். புலியைக் கொன்றவனைப் பழித்துப் பாடிய ஒரு பாட்டு எந்த ஆசிரமத்தில் பிறந்ததோ, அந்த ஆசிரமம் இன்று ஒரு புலிகள் காப்பகத்தின் எல்லைக்குள் இருக்கிறது. இப்படி ஒரு பொருத்தம் உலகத்தில் வேறெந்தப் புலிகள் காப்பகத்துக்கும் வாய்க்கவில்லை. பீட்டில்ஸுக்காக வருகிற வெளிநாட்டுக்காரரிடமும், செல்ஃபி எடுக்க வருகிற நம்மூர் இளைஞரிடமும் காட்டைப் பற்றிப் பேச உங்களுக்குக் கிடைத்த மிக நல்ல வாசல் இந்தப் பாட்டு. நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வருகிறவர் முதலில் பார்க்கும் பலகையில் இந்தக் கதை இருக்கட்டும். அந்த இளைஞனின் வருத்தத்தையும், அவன் துப்பாக்கியைக் கீழே வைத்ததையும், அதற்குப் பின் வந்த சட்டத்தையும், நீங்கள் கொண்டுவந்து விட்ட புலிகளையும் ஒரே வரிசையில் சொல்லுங்கள். அவனைக் கேலிக்குரியவனாக மட்டும் நிறுத்திவிடாதீர்கள். லெனன் பாட்டில் அவன் நின்றுபோன இடத்தைத் தாண்டி அவன் வாழ்க்கை நல்ல திசையில் போயிருக்கிறது.

தமிழர்களுக்கு இந்தக் காட்டோடு இன்னொரு உறவும் இருக்கிறது. காப்பகத்துக்குப் பெயர் கொடுத்த ராஜாஜி தொரப்பள்ளியில் பிறந்த எங்கள் ஊர்க்காரர். ‘குறை ஒன்றும் இல்லை’ எழுதியவர். பாட்டெழுதிய ஒருவரின் பெயரைத் தாங்கிய காட்டில் பாட்டுகளின் கதைக்கு இடம் கேட்பது எங்களுக்கு உரிமையோடு கேட்பது போலத்தான் இருக்கிறது.

அடுத்து புரூடன்ஸ் ஃபாரோ. நடிகை மியா ஃபாரோவின் தங்கை. அப்போது வயது இருபது. ஹாலிவுட் குடும்பம், அப்பா இயக்குநர், அம்மா டார்சன் படங்களில் ஜேனாக நடித்த மாரீன் ஓ’சல்லிவன். புகழும் பணமும் சுற்றியிருந்த வீட்டில் வளர்ந்த அந்தப் பெண், பீட்டில்ஸைப் பார்க்க ரிஷிகேஷுக்கு வரவில்லை. அவர்கள் வந்திருப்பது அவளுக்குப் பெரிய விஷயமாகவே படவில்லை. தியானம்தான் வேண்டும் என்று வந்தவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். மற்றவர்கள் கிட்டார் எடுத்துக்கொண்டு கூடிப் பாடும்போதும், சாப்பாட்டு நேரத்திலும் வெளியே தலைகாட்டாமல் மணிக்கணக்கில், நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தாள். எல்லாருக்கும் கவலையாகிவிட்டது. பயிற்சியில் அவளுக்குத் துணையாக விடப்பட்டவர்கள் ஜானும் ஜார்ஜும். அவளை வெளியே கூட்டிவரும் பொறுப்பும் அவர்கள் தலையில் விழுந்தது. வெளியே வந்து விளையாடு, வெயிலைப் பார், வானத்தைப் பார் என்று ஒரு குழந்தையைக் கூப்பிடுவது போல ‘டியர் புரூடன்ஸ்’ கூப்பிடுவது இதனால்தான்.

இந்தப் பாட்டைக் கேட்கிற பலரும் அவள் மனம் பேதலித்தவள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். லெனனே பின்னாளில் அப்படித்தான் பேசினார். எனக்கு இதில் லெனன் மேல் வருத்தம் உண்டு. மற்ற எல்லாரையும்விட அந்தப் பயிற்சியை மிகத் தீவிரமாக எடுத்துக்கொண்டவள் அவள். பாட்டெழுதியவர்கள் மனக்கசப்போடு கிளம்பிப் போனார்கள். அவள் பயிற்சியை முடித்துத் தியான ஆசிரியையாகி, பல பத்தாண்டுகள் அதைக் கற்றுக்கொடுத்தாள். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தெற்காசியப் படிப்பில் முனைவர் பட்டமும் வாங்கினாள். உன்னைப் பற்றி ஒரு பாட்டு எழுதியிருக்கிறோம் என்று ஜார்ஜ் கிளம்பும்போது சொன்னதோடு சரி. இசைத்தட்டு வெளிவந்த பிறகுதான் அந்தப் பாட்டு அவள் காதில் விழுந்தது. தன்னை எப்படிச் சித்திரித்திருப்பார்களோ என்ற பயம் அதுவரைக்கும் இருந்திருக்கிறது.

ஆகவே அவள் தங்கியிருந்த வரிசைக் கட்டடத்தின் முன்னால் ஒரு பலகை வைக்கும்போது, பாட்டு அவளைப் பார்த்த பார்வையோடு நிறுத்தாதீர்கள். அவள் தன்னைப் பற்றிச் சொன்னதையும் எழுதுங்கள். சுவரில் நான்கு ஆண்களின் முகங்களை எல்லாரும் பார்க்கிறார்கள். கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணும் இந்த இடத்தின் வரலாறுதான்.

கட்டடம் என்றதும் இன்னொன்று. ஆற்றுக் கற்களால் முட்டை வடிவில் கட்டிய குடில்கள் பார்க்க அழகாக இருப்பதால் படமெல்லாம் அவற்றின் முன்னால்தான் எடுக்கிறார்கள். இன்னார் இந்தக் குடிலில் உட்கார்ந்து இந்தப் பாட்டை எழுதினார் என்று வாய்க்கு வந்த கதைகளும் உலவுகின்றன. அவர்கள் தங்கியிருந்தது நீளமான, வெள்ளையடித்த, சாதாரண வரிசைக் கட்டடங்களில். பாட்டுகள் பிறந்ததும் அந்த அறைகளிலும் திண்ணைகளிலும் மொட்டை மாடியிலும்தான். பார்க்க அழகில்லாத அந்த வரிசைக் கட்டடங்கள்தான் முதலில் பாதுகாக்கப்பட வேண்டியவை. இடிந்தது என்று சொல்லி அவற்றை அப்புறப்படுத்திவிட்டால் மறுபடி கிடைக்காது.

மூன்றாவதாக ஒன்றைக் கேட்கப்போகிறேன். சுற்றுலாத் துறைக்காரர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம். ரிஷிகேஷ் என்றாலே அமைதி, ஆனந்தம், புன்னகை என்றுதான் விளம்பரம் செய்கிறோம். ஆனால் லெனன் இங்கே எழுதிய பாட்டுகளில் பல, துக்கம் தொண்டையை அடைக்கிற பாட்டுகள். மலையும் கங்கையும் சுற்றியிருக்க, தன் வாழ்க்கையிலேயே மிகத் துயரமான பாட்டுகளை இங்கேதான் எழுதினேன் என்ற பொருளில் அவரே சொல்லியிருக்கிறார். ‘ஐ’ம் ஸோ டயர்ட்’ தூக்கம் வராமல் புரண்ட இரவுகளின் பாட்டு. ‘யெர் ப்ளூஸ்’ சாக வேண்டும் போலிருக்கிறது என்று வாய்விட்டுக் கத்துகிற பாட்டு. கடவுளைத் தேடிப் போன இடத்தில் தற்கொலை எண்ணம் வந்ததை அவர் மறைக்கவில்லை.

அந்தப் பாட்டுகளில் ‘ஜூலியா’ தனி. ஜூலியா லெனன் அவருடைய அம்மா. ஜான் அம்மாவோடு வளரவில்லை, பெரியம்மா மிமி வீட்டில்தான் வளர்ந்தார். பதின்பருவத்தில் அம்மாவோடு மறுபடி நெருக்கமானார். பாஞ்சோ வாசித்துக்காட்டி, கிட்டாரில் முதல் பாடம் சொல்லிக்கொடுத்தவர் அம்மாதான். 1958 ஜூலை 15 மாலை, மிமியின் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பும் வழியில், பணியில் இல்லாத ஒரு போலீஸ்காரர் ஓட்டிவந்த கார் மோதி ஜூலியா இறந்தார். ஜானுக்கு அப்போது பதினேழு வயது. பத்து வருடம் கழித்து, உங்கள் காட்டில், அந்த அம்மாவுக்காக அவர் ஒரு பாட்டு எழுதினார். அதே பாட்டுக்குள் யோகோவும் வருகிறார். இந்தியாவில் இருந்த நாட்களில் யோகோவின் கடிதங்கள் அவருக்கு வந்துகொண்டே இருந்தன. பக்கத்தில் மனைவி சிந்தியா இருந்தார். அந்தத் தவிப்பெல்லாம் சேர்ந்துதான் அந்தப் பாட்டு.

இசைப் பக்கத்திலும் அது ரிஷிகேஷுக்குக் கடன்பட்டிருக்கிறது. ஸ்காட்லாந்துப் பாடகர் டோனோவனும் அங்கே இருந்தார். தந்திகளை ஒரே வீச்சில் மீட்டாமல் ஒவ்வொன்றாக விரலால் எடுத்து வாசிக்கும் முறை அவரிடம் இருந்தது. அதை லெனன் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். ‘டியர் புரூடன்ஸ்’, ‘ஜூலியா’ இரண்டிலும் கேட்கிற அந்த ஓடை போன்ற கிட்டார் இங்கே படித்த பாடம். பீட்டில்ஸ் பாட்டுகளிலேயே லெனன் வேறு யாருமில்லாமல் தனியாக ஒலிப்பதிவு செய்த ஒரே பாட்டு ‘ஜூலியா’. இதை ஒரு பலகையில் படித்துவிட்டு, அங்கே இருக்கும் மரத்தடியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு இந்த இடம் வேறு மாதிரி தெரியும். துக்கத்தோடு வருகிற பயணிக்கும் இங்கே இடம் உண்டு என்று தெரியும்.

கசப்பான கதைக்கு வருகிறேன். மகரிஷி ஒரு பெண்ணிடம் முறைதவறி நடந்துகொண்டார் என்று ஏப்ரலில் ஒரு பேச்சு கிளம்பியது. அதைப் பெரிதாக்கியவர் லெனனோடு ஒட்டிக்கொண்டிருந்த, மேஜிக் அலெக்ஸ் என்று எல்லாரும் கூப்பிட்ட அலெக்ஸ் மார்டாஸ். ஜானும் ஜார்ஜும் அவசரமாகப் புறப்பட்டார்கள். கிளம்பும் நேரத்தில் மகரிஷியின் பெயரையே வைத்து லெனன் ஒரு வசைப்பாட்டை எழுதினார். ஜார்ஜ் கேட்டுக்கொண்டதால் பெயரை மாற்றினார்; ‘செக்ஸி சேடி’ ஆனது. அந்தக் குற்றச்சாட்டு ஒருபோதும் நிரூபணமாகவில்லை. சிந்தியா அதை நம்பவில்லை. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று ஹாரிசன் பின்னாளில் சொன்னார். 2009 ஏப்ரலில், மகரிஷி இறந்து ஓராண்டு கழிந்த பிறகு, ஆழ்நிலைத் தியானத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொண்டுசேர்க்க நியூயார்க்கில் நடந்த இசைநிகழ்ச்சியில் மெக்கார்ட்னியும் ரிங்கோவும் மேடையேறிப் பாடினார்கள்.

இதை மறைப்பதற்கு அரசு அலுவலகங்களில் ஆசை வரும் என்று எனக்குத் தெரியும். எதற்கு வம்பு என்று தோன்றும். மறைத்தால் என்ன ஆகும்? கைப்பேசியில் தேடிப் பார்க்கிறவர் கண்டதையும் படித்து அதையே நம்பிக்கொண்டு போவார். குற்றச்சாட்டு வந்தது, நிரூபணமாகவில்லை, சம்பந்தப்பட்டவர்கள் பின்னாளில் இப்படிச் சொன்னார்கள் என்று நான்கு வரியில் நேர்மையாக எழுதி வைப்பது மகரிஷிக்கும் நியாயம், பாட்டைக் கேட்கிறவர்களுக்கும் நியாயம்.

சின்னச் சின்னக் கதைகளும் இருக்கின்றன. பீச் பாய்ஸ் குழுவின் மைக் லவ் காலைச் சாப்பாட்டு நேரத்தில், ரஷ்யாவின் பல ஊர்ப் பெண்களையும் பாட்டில் கொண்டுவாயேன் என்று மெக்கார்ட்னிக்கு யோசனை சொன்னார். அது ‘பேக் இன் தி யு.எஸ்.எஸ்.ஆர்.’ ஆனது. ஊருக்குள் திரைப்படம் காட்டுகிறார்கள் என்று எல்லாரும் காட்டுப் பாதையில் இறங்கிப் போனபோது மெக்கார்ட்னி கிட்டார் வாசித்துப் பாடிக்கொண்டே நடந்தது ‘ஒப்லடி ஒப்லடா’. அந்தச் சொற்கள் லண்டனில் இருந்த நைஜீரிய டிரம் கலைஞர் ஜிம்மி ஸ்காட் அடிக்கடி சொல்லும் வாக்கியம். தன் வாக்கியத்துக்குப் பங்கு வேண்டும் என்று அவர் பின்னாளில் கேட்டார். ஜார்ஜ் உங்கள் தலைநகர் டேராடூனின் பெயரிலேயே ஒரு பாட்டு எழுதினார். அது எந்த பீட்டில்ஸ் இசைத்தட்டிலும் வரவில்லை. டேராடூன்காரர்களிலேயே எத்தனை பேருக்கு அது தெரியும்?

இவற்றில் எனக்கு மிகப் பிடித்தது ஒரு சொற்பொழிவின் கதை. இயற்கையைப் பற்றி மகரிஷி ஒருநாள் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் ஆளுக்கொரு பாட்டு எழுதினார்கள். மெக்கார்ட்னியின் பாட்டு ‘மதர் நேச்சர்ஸ் சன்’. லெனனின் பாட்டு ‘சைல்ட் ஆஃப் நேச்சர்’. லெனன் பாட்டின் முதல் அடியிலேயே ரிஷிகேஷ் போகும் வழி வருகிறது. அந்த மே மாதம் ஈஷரில் இருந்த ஜார்ஜின் வீட்டில் மாதிரிப் பதிவு செய்ததோடு அது நின்றுபோனது. 1971-இல் அதே மெட்டுக்கு வேறு சொற்கள் போட்டார். ‘ஜெலஸ் கை’ என்று உலகம் முழுக்கப் பிரபலமானது. ரிஷிகேஷ் அதிலிருந்து மறைந்துபோனது. ஈஷர் பதிவு 2018-இல் முறைப்படி வெளியானது. அந்தச் சொற்பொழிவு மண்டபத்தின் வாசலில் இந்த இரண்டு பாட்டுகளின் கதையை எழுதிவையுங்கள். பொறாமையால் புண்பட்ட ஒரு கணவனின் பாட்டு என்று உலகமே நினைக்கும் மெட்டு, ஒரு காலத்தில் உங்கள் ஊருக்கு வரும் சாலையைப் பற்றிப் பாடியது என்பது எவ்வளவு பேருக்கு ஆச்சரியமாக இருக்கும்!

எதை எழுதக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘பிளாக்பேர்ட்’ பாட்டை ரிஷிகேஷில் ஒரு பறவையின் குரல் கேட்டு மெக்கார்ட்னி எழுதினார் என்று ஒரு கதை சுற்றுகிறது. அமெரிக்காவின் தென்பகுதியில் கறுப்பினப் பெண்கள் நடத்திய உரிமைப் போராட்டத்தை நினைத்து எழுதியது என்றுதான் மெக்கார்ட்னி சொல்லிவருகிறார். 2016-இல் லிட்டில் ராக் நகரில், அந்தப் போராட்டக் காலத்தில் வெள்ளையர் பள்ளிக்குள் நுழைந்த ஒன்பது கறுப்பின மாணவர்களில் இருவரை நேரில் பார்த்தார். இந்தப் பாட்டுக்குத் தூண்டுதலாக இருந்தவர்கள் என்று அவர்களைக் குறிப்பிட்டார். நமக்குப் பெருமையாக இருக்கும் என்பதற்காக அந்தப் பெண்களின் பாட்டை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

பீட்டில்ஸின் சொந்த ஊரான லிவர்பூல் இதில் பட்ட பாடு உங்களுக்கு உதவும். பீட்டில்ஸ் பாடிப் பெயர் வாங்கிய கேவர்ன் கிளப்பை 1973-இல் மூடி இடித்தார்கள். சுரங்க ரயிலுக்குக் காற்றுப் போக்கி கட்ட வேண்டும் என்று காரணம் சொன்னார்கள்; அது அங்கே கட்டப்படவே இல்லை. பிறகு பழைய செங்கற்களில் கிடைத்ததை வைத்து அதே தெருவில் மறுபடி கட்டி 1984-இல் திறந்தார்கள். ஆனால் அதே ஊர் நல்ல வழியும் காட்டியிருக்கிறது. லெனன் சிறுவனாகத் தோட்டத்துக்குள் புகுந்து விளையாடி, பின்னாளில் பாட்டாக்கிய ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்’ சால்வேஷன் ஆர்மி நடத்திய குழந்தைகள் இல்லம். 2005-இல் இல்லம் மூடப்பட்டது. 2019-இல் அங்கே கண்காட்சி திறந்தார்கள். கற்றல் குறைபாடு உள்ள இளைஞர்களுக்கு வேலைப் பயிற்சியும் அங்கேயே நடக்கிறது. பாட்டைக் கேட்டு வருகிறவர் கொடுக்கும் கட்டணம் அந்தப் பிள்ளைகளுக்கு உதவுகிறது. இன்னொரு சம்பவம், 2020-இல் நடந்தது. பென்னி லேன் என்ற தெருவின் பெயர் ஜேம்ஸ் பென்னி என்ற அடிமை வியாபாரியிடமிருந்து வந்தது என்று கோபப்பட்டுத் தெருப் பலகைகளில் மையைப் பூசினார்கள். அந்த ஊரின் சர்வதேச அடிமை முறை அருங்காட்சியகம் ஆவணங்களைத் தேடிப் பார்த்து, அப்படி ஒரு தொடர்புக்கு ஆதாரம் இல்லை என்று அறிவித்தது. ஒரு பாட்டில் வரும் தெருப் பெயருக்காக இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள். நீங்களும் இப்படி ஓர் ஆராய்ச்சிக் குழுவை வைக்க வேண்டும். இசை வரலாறு தெரிந்தவர்கள், காட்டைத் தெரிந்தவர்கள், உள்ளூர்க்காரர்கள் மூவரும் அதில் இருக்க வேண்டும்.

உள்ளூர்க்காரர்கள் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இதுவரை இந்தக் கதையைச் சொன்னவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுக்காரர்கள். அந்த எட்டு வாரத்தில் அவர்களுக்குச் சமைத்தவர்கள், துணி வெளுத்தவர்கள், தோணி ஓட்டியவர்கள், குர்தா தைத்துக்கொடுத்த தையற்காரர்கள், டேராடூனில் கிட்டார் பழுது பார்த்துக்கொடுத்த கடைக்காரர் என்று எத்தனையோ பேர். அன்று இருபது வயதில் இருந்தவருக்கு இன்று எண்பதை நெருங்கியிருக்கும். கட்டட வேலைக்கு ஒப்பந்தம் விடுவதற்கு முன்னால், ஒலிப்பதிவுக் கருவியோடு நான்கு மாணவர்களை சுவர்காசிரமத்துக்கும் ராம் ஜூலா பக்கத்துக்கும் அனுப்பி, நினைவிருக்கிறவர்களின் பேச்சைப் பதிவு செய்யுங்கள். கட்டடத்தை அடுத்த ஆண்டுகூடச் சரிசெய்துகொள்ளலாம். இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது.

இன்னும் சில நடைமுறை விஷயங்கள். பாட்டு வரிகளுக்குப் பதிப்புரிமை இருக்கிறது, அனுமதியில்லாமல் சுவரில் எழுத முடியாது. கதைக்கு அந்தத் தடையில்லை. பலகைகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். மற்ற இந்திய மொழிகளில் கேட்க ஒலிக்குறிப்பு வையுங்கள், தமிழில் தயாரிக்க உதவி வேண்டுமென்றால் இங்கே பலர் சம்பளம் வாங்காமல் செய்து தருவார்கள், நானும் செய்வேன். ஒலிபெருக்கி வேண்டாம். அது விலங்குகள் நடமாடும் காடு, தியானத்துக்காகக் கட்டிய இடமும்கூட. 2012-இல் வெளிநாட்டு ஓவியர்கள் தொடங்கிவைத்த சத்சங்க மண்டபச் சுவர்ப்படங்களை வெள்ளையடித்து மறைத்துவிடாதீர்கள். இடிபாடாகக் கிடந்த காலமும் இந்த இடத்தின் வாழ்க்கையில் ஒரு பகுதி. சுவர்களைப் பிளந்துகொண்டு வளர்ந்த மரங்களில் எதை வெட்டலாம், எதை விடலாம் என்பதைப் பொறியாளர் மட்டும் முடிவு செய்யாமல் உங்கள் வனக்காவலர்களையும் கேட்டுச் செய்யுங்கள்.

மூடிக் கிடந்த இந்த இடத்தை 2015 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது நீங்கள்தான். அதற்காக உலகமெங்கும் இருக்கும் ரசிகர்கள் உங்களுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறார்கள். அந்த உரிமையில்தான் இத்தனையும் கேட்கிறேன். காட்சிக்கூடத்தில் எழுதப்போகும் வாசகங்களின் வரைவை, இறுதி செய்வதற்கு முன் பொதுமக்கள் பார்வைக்கு வையுங்கள். கருத்துச் சொல்ல இரண்டு மாத அவகாசம் கொடுங்கள். தப்பு இருந்தால் திருத்த, விட்டுப்போனதைச் சேர்க்க, எங்களில் பலர் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஓர் இசை ரசிகர்